சராசரி மனிதர் நமச்சிவாயம்

நமச்சிவாயம் மனோதத்துவ அதிகாரி ஆதிகேசவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வைகாசி கருட சேவைக் கூட்டத்தில். ஜனமெல்லாம் பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, அதிகாரி முன்னால் நின்ற ஒரு வயதான அம்மாளின் புடவையைக் கட்டைவிரலால் தேய்த்து, "கோர்வை நல்லா விழுந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம வூட்டுத் தறிதான்பா" என்று அந்த அம்மாளும் பெருமையாக முந்தானையை நீட்டினாள். அடுத்த மாதம் அதிகாரி மாரடைப்பில் காலமானார். பூரண குணமடைந்த நிலையில் இறந்தார் என்பது ஊராரின் அபிப்பிராயம்.

குணமடைய வேண்டிய நிலை அவருக்கு எப்படி ஏற்பட்டது என்பதே இங்கே விஷயம்.

நைலான் புடவை காஞ்சிபுரத்துக்கு வந்த மறு வருஷம் மனோதத்துவம் வந்தது. வாரப் பத்திரிகைகளில் அதற்கென்று கேள்வி பதில் பகுதி ஆரம்பித்தார்கள். முடியைக் கொஞ்சம் ஒட்ட வெட்டச் சொன்னால், நாவிதர் "உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை இருக்குது சார்" என்றார். இவ்வளவும் நடக்கும்போது சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? 'குற்றம் மற்றும் மனப்பிறழ்வு ஆலோசனை நிலையம்' ஒன்றைக் காஞ்சிபுரத்தில் திறந்தது. காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்த காரணம், வேறெந்த ஊரிலும் அப்போது காலிக் கட்டடம் இல்லை.

ஆதிகேசவன் மெட்ராஸில் ஆறு வாரம் பயிற்சி பெற்று, ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். காமப் பிறழ்ச்சிகள், பைத்தியம், குற்றம் மூன்றும் அந்தப் புத்தகத்தில் ஒரே அட்டைக்குள் இருந்தன. ஆகவே மூன்றும் ஒன்றே என்பது அவருடைய சித்தாந்தம். நிலையத்துக்கு வெகுநாள் யாரும் வரவில்லை. பிறகு நமச்சிவாயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நமச்சிவாயம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. அந்தத் தெருவில் எதிரே ஒரு பெண் வந்தால் முதலில் புடவைதான் கண்ணில் படும். கரையும் உடலும் சேர்கிற இடத்துக்குக் கோர்வை என்று பெயர். அது ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று கை தானாகப் போய்த் தேய்த்துப் பார்க்கும். உள்ளூர்ப் பெண்கள் கேட்காமலே முனையை நீட்டிவிடுவார்கள். கோயில் பிராகாரத்தில் நமச்சிவாயம் தேய்த்த புடவைக்குச் சொந்தக்காரி தேவகி மெட்ராஸ்காரி. அவளுக்கு இந்த வழக்கம் தெரியாது. தேய்த்ததோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். அவர் "ச்சு" கொட்டி, "உங்கள நல்லா ஏமாத்தியிருக்கானுங்கம்மா, கரை மட்டுந்தான் பட்டு" என்றார். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் நின்றிருந்தாள்.

'அந்த ஆள் என் நாத்தனாரிடம் வந்து இது அசல் பட்டு என்று சொல்ல வேண்டும்' என்பதே தேவகி கொடுத்த புகார். இதற்கு எந்தச் சட்டப்பிரிவும் பொருந்தாததால் போலீஸ் ஸ்டேஷனில் அவரை நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்தப் பெண்ணோட முகம் எப்படி இருந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"பார்க்கலீங்களே."

"புடவை?"

"மாம்பழக் கலரு, அரக்குக் கரை. ஓரத்துல ஒரு எழை தளர்ந்து போச்சுங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "சின்ன வயசுல அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததுண்டா?"

"வேற எதைப் புடிச்சுக்கினு நடக்கிறதுங்க?"

"கனவு?"

"நூலு அறுந்துபோற மாதிரி வரும்."

"அறுந்ததும் என்ன செய்வீங்க?"

"முடிச்சு போடுவேன்."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு, "இதுக்கு ஆடை மோகம்னு பேரு முதலியாரே. காமப் பிறழ்ச்சி. முத்தினா கொலையில போய் நிக்கும்" என்றார்.

சாட்சி சொல்லக் கூப்பிட்ட மனைவி தில்லையம்மாள் நிலைமையை இன்னும் மோசமாக்கினாள். "கண்ணாலம் கட்டுன நாளா எம் முகத்தைப் பார்த்ததில்லீங்க. கட்டியிருக்கிற புடவையைத்தான் பார்த்துக்கினு இருக்கிறாரு. வியாதின்னு தெரிஞ்சிருந்தா அப்பவே மந்திரிச்சிருப்பேனே."

நமச்சிவாயத்துக்கு உண்மையில் பயம் வந்தது அன்று சாயங்காலம்தான். மகள் கலாவதியைத் தையில் கட்டிக்கொள்ளவிருந்த மாப்பிள்ளையின் அப்பா மயில்வாகனம் ஐயம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "இதோ பாருங்க சம்பந்தி, திருட்டு கிருட்டுன்னா பரவாயில்ல, நம்ம வூட்லயும் ரெண்டு பேரு உள்ள போய் வந்திருக்கானுங்க. பைத்தியம்னா ரத்தத்துல வருமாமே. பத்திரிகைல போட்டிருக்கான்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நமச்சிவாயம் நிலையத்து வாசலில் நின்றார்.

"சார், பைத்தியம்னு எழுதாதீங்க. திருட்டுன்னு எழுதிடுங்க. அந்தம்மா முந்தானைய அறுத்துக்கினு ஓடப் பார்த்தேன்னு ஒத்துக்கிறேன்."

"திருட்டுக்கு அத்தாட்சி வேணும் முதலியாரே. பைத்தியத்துக்கு என் கையெழுத்து போதும். அதுவும் போக, செய்யாத குற்றத்தை ஒருத்தன் ஒத்துக்கிறான்னா அது தனி வியாதி. அதையும் சேர்த்து எழுதிக்கிறேன்."

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு சடங்கு மட்டும் பாக்கி இருந்தது. நோயாளியைச் சராசரி மனிதர்களோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. நிலையத்தில் ஒரு கொடி கட்டி அதில் பட்டுப் புடவை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கான்ஸ்டபிள் பழனி தெருவில் போன ஐந்து யோக்கியர்களைப் பிடித்து வந்தான். ஒரு வாத்தியார், ஒரு குருக்கள், ஒரு ஜவுளிக்கடை முதலாளி, ஒரு தபால்காரர், திருப்புட்குழியிலிருந்து வரி கட்ட வந்த ஒரு விவசாயி. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் புடவையைப் பிடித்தார்கள், தேய்த்தார்கள், திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்கள். குருக்கள் மட்டும் வெளியே வந்து கையைக் கழுவினார்.

"நீ இன்னாய்யா பண்றே?" என்று அதிகாரி திரும்பியபோது, பழனி ஜரிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அதிகாரி பின்வாங்கவில்லை. தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு என்று கொடியையும் புடவையையும் பழனியைத் தூக்கிவரச் சொல்லி அலைந்தார். முடிவில் மேலிடத்துக்கு எழுதினார்: 'என்னைத் தவிர ஊர் முழுவதையும் ஆடை மோகம் பீடித்துள்ளபடியால், காஞ்சிபுரத்தை ஆஸ்பத்திரியாக அறிவித்துச் சுற்றிலும் மதில் எழுப்ப உத்தரவாக வேண்டும்.'

மேலிடம் அந்தப் புத்தகத்தை இன்னும் நன்றாகப் படித்திருந்தது. பதில் வந்தது: 'சுற்றியிருப்போரின் நடத்தையிலிருந்து எவன் மாறுபடுகிறானோ அவனே நோயாளி. தங்கள் அறிக்கையின்படி அவ்வூரில் புடவையைத் தொடாதவர் ஒருவரே. அவரை உடனே பரிசோதனைக்கு அனுப்பவும்.'

ஆதிகேசவன் நேராகப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார். தறியில் உட்கார்ந்திருந்த நமச்சிவாயம் எழுந்திருக்கவில்லை.

"முதலியாரே, நானும் புடவையைத் தொடறவன்தான்னு ரெண்டு பேர் கையெழுத்து போட்டா போதும்."

"தொட்டுக் காட்டுங்க, போடுறேன்."

அதிகாரி கையை நீட்டினார். தறியில் இருந்த பட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதே கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வரலை முதலியாரே. அந்தப் புத்தகம் படிச்ச நாள்லேர்ந்து எல்லாத்துலயும் அதுவே தெரியுது. வீட்டுல சம்சாரம் காயப்போட்ட புடவையைக்கூட மழை வந்தா நான் எடுக்கறதில்லை."

தில்லையம்மாள் கணவனைப் பார்த்தாள். "இதான் வியாதி" என்றாள்.

நமச்சிவாயம் யோசித்தார். தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கையெழுத்து போடுறேன், பழக்கியும் வுடுறேன். எனக்கு ஒரு பேப்பர் குடுங்க. நான் பைத்தியம் இல்லேன்னு."

"அப்படித் தர விதியில்லை. சராசரின்னு தரலாம்."

'மேற்படி நமச்சிவாயம் எல்லா அம்சத்திலும் சராசரி மனிதர்' என்று முத்திரை குத்திய தாளை மயில்வாகனம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணம் நன்றாக நடந்தது. அதிகாரிக்குக் கை பழக மூன்று மாதம் ஆயிற்று.

பந்தியில் அந்தத் தாளைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? தங்களிடம் அது இல்லையே என்ற கவலை அன்றைக்கே அவர்களைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் நிலையத்தில் வரிசை நின்றது.

இரண்டு வருஷம் கழித்து நமச்சிவாயத்தின் இளைய மகளுக்கு ஒரு வரன் வந்தது. முசரவாக்கத்துப் பையன், பாங்கியில் குமாஸ்தா. பீடி, சிகரெட் கிடையாது என்று பையனின் அப்பா சொல்லிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இருக்கட்டும்பா" என்றார் நமச்சிவாயம். "பையன் சராசரியா? பேப்பர் இருக்குதா?"

இல்லை. அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

ஆதிகேசவனுக்குப் பிறகு புது அதிகாரி வந்தார், அவருக்குப் பிறகு இன்னொருவர். நிலையம் இன்றும் அதே கட்டடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். வாங்காத சிலர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை.