செவி வேந்தரும் நத்தை ஆய்வாளரும்

இந்த நகரத்தில் இன்று அறிவு என்று ஏதாவது தென்படுமானால், அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. உள்ளூர் வானொலியில் வாரந்தோறும் ஒலிக்கும் 'அறிஞரோடு அரை மணி' நிகழ்ச்சியை நடத்துபவன் நான். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். நான் கேட்பேன், அவர் சொல்வார், நகரம் உயரும்.

என் முறை எளிது. வருகிறவரைப் பற்றி முன்கூட்டி எதையும் படிப்பதில்லை. படித்தால் வியப்பு போய்விடும். எந்தத் துறைக்கும் பொருந்தும்படியான சில கேள்விகளை ஒரு அட்டையில் வைத்திருக்கிறேன். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே 'ம்' என்பேன். சாதாரண 'ம்' அல்ல. புரிந்துகொண்டேன், நெகிழ்ந்துபோனேன், மேலே சொல்லுங்கள் ஆகிய மூன்றும் அதில் இருப்பதாக நேயர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நான் அட்டையில் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருப்பேன் என்பது தொழில் ரகசியம். இந்தச் சேவையைப் பாராட்டி நிலையம் எனக்கு 'செவி வேந்தர்' என்ற பட்டத்தை வழங்கியது. நிலைய இயக்குநர் அதை மேடையில் வாசித்தபோது நான் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததால், மறுபடியும் வாசிக்க வேண்டியதாயிற்று.

சென்ற வாரம் வரவேண்டிய பொருளாதாரப் பேராசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நேரடி ஒலிபரப்பு என்பதால் இயக்குநர் பதறிப்போய், பல்கலைக்கழகத்தோடு பேசி, விலங்கியல் துறையிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தார். யார் என்று என்னிடம் சொல்லவும் சொன்னார். நான் 'ம்' என்றேன்.

மறுநாள் ஒலிபரப்பு அறையின் கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் என் மனைவி.

மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மேசையில் வைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பு, ஒரு அறிஞர் வருகிற நேரம் என்றேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"காலைலயே சொன்னேனே. ஷேவ் பண்ணிட்டு இருந்தீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

அவள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எந்த பஸ்ஸில் போவாள் என்பதுகூடத் தெரியும். இறங்கிய பிறகு என்ன செய்வாள் என்பதில்தான் கொஞ்சம் தெளிவு போதாது. ஏதோ பூச்சி என்று ஞாபகம். எனவே, புகழ்பெற்ற பூச்சியியல் அறிஞர் நம்மிடையே வந்திருக்கிறார் என்று கம்பீரமாகத் தொடங்கினேன்.

"நத்தை," என்றாள். "நத்தை பூச்சி இல்லைங்க."

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளை 'நீங்கள்' என்று அழைத்து, நத்தையிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் பேச ஆரம்பித்தாள். வறண்ட காலத்தில் சில நத்தைகள் ஓட்டின் வாயை ஒரு மெல்லிய சவ்வால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுமாம். வருஷக்கணக்காகக்கூட. செத்துவிட்டது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்களாம். கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், எழுந்து நடக்குமாம். காலி ஓடு என்று கழுவப் போட்ட ஒன்று ஆய்வுக்கூடத்து மேசையில் நடந்துபோனதைச் சொன்னபோது, கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் டீயைக் கீழே வைத்துவிட்டார். நானும் 'ம்' சொல்ல மறந்திருந்தேன்.

ஈரமே படாமல் அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று வீட்டு பால்கனியில் தொட்டிகள் வைத்துப் பார்த்ததாகவும், வீட்டில் ஒருவர் செடித் தொட்டி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டதாகவும் அவள் சொன்னாள். அந்த ஒருவர் அவசரமாக அட்டையைப் பார்த்தார். அடுத்த திட்டம் என்ன என்று அதில் இருந்தது.

"அடுத்த மாசம் வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போறேன். ரெண்டு வருஷம்."

"ம்," என்றேன். வாய் பழகிவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்று மூளைக்கு எட்டுவதற்குள், வாய் அட்டையின் கடைசிக் கேள்விக்கும் போய்விட்டது. குடும்பத்தின் ஆதரவு எப்படி என்ற கேள்வி. எல்லா அறிஞர்களும் இந்த இடத்தில் உருகுவார்கள்.

"சாப்பிடும்போது அவர்ட்ட கேட்டேன்," என்றாள். "'ம்'னாரு. சரின்னு எடுத்துக்கிட்டு சம்மதம் சொல்லிட்டேன்."

கோபம் இல்லை. நத்தையைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

அட்டை தீர்ந்துவிட்டது, அரை மணி தீரவில்லை. என் வானொலி வாழ்க்கையில் பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்று கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அவர் வேணாம்னு சொல்லியிருந்தா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஏன்னு கேட்டிருப்பேன். அவர் ஏதாவது சொல்லியிருப்பாரு. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்போம்." மைக்கிலிருந்து சற்று விலகிக்கொண்டாள். "அதுக்காகவாவது சொல்லியிருக்கலாம். அப்பவும் போயிருப்பேன்."

எனக்கு 'ம்' கூட வரவில்லை. வானொலியில் மௌனம் என்பது பெருங்குற்றம். அதை நான் செய்துகொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவாளர் ஒரு வீணை இசையைப் போட்டுக் காப்பாற்றினார்.

வெளியே வராந்தாவில் இயக்குநர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். போன் ஓயவே இல்லையாம். நிலையத்தின் வரலாற்றில் இப்படி ஒரு உரையாடல் வந்ததில்லையாம். என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் விடவில்லை.

"சொந்த வீட்டு விஷயத்தையே, ஒண்ணுமே தெரியாத ஆள் மாதிரி கேட்டீங்களே சார். என்ன நடிப்பு. இதுக்கெல்லாம் எவ்வளவு பயிற்சி வேணும்."

நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"வீட்ல தினமும் ஒத்திகை பார்ப்பாருங்க."