ஒப்பீட்டுக்கு ஓர் ஊர் தேடிய கதை

ஆய்வுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வழி காட்டப் போகிறவன், அதற்கு முன்னால் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருதரம் விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரிக்கவில்லை. (விசாரித்திருந்தாலும் என் வீட்டுக்காரி ஜெசிந்தா சொல்லியிருக்கப் போவதில்லை. அது வேறு விஷயம்.)

சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நேந்திரங்காய் சிப்ஸ் போடுவதுதான் பாதி வீடுகளுக்குப் பிழைப்பு. தெருவுக்குள் நுழைந்தாலே தேங்காயெண்ணெய் மணம் சட்டையில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், "சிப்ஸ் ஊராய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பார். சரக்கு மலையேறிக் குமுளியைத் தாண்டிக் கேரளாவுக்குப் போகும். இப்படி ஒரே தொழில் பார்க்கிறவர்கள் ஓரிடத்தில் கூடியிருந்தால், அரசாங்கம் அதைத் 'தொழில் குழுமம்' என்று சொல்லி உதவி செய்கிறது. எங்களுக்கும் ஒரு பொதுக்கூடம் கட்டிக் கொடுத்து, காய் சீவுகிற மிஷின் ஒன்றை வைத்தார்கள். காயோடு விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்ட காலம் அதோடு போயிற்று.

சங்கத்துக்கு நான்தான் செயலாளர். (தகுதி: மைக்கைக் கொடுத்தால் வாங்கத் தெரியும், திருப்பிக் கொடுக்கத் தெரியாது.)

அடுத்ததாகக் காற்றடைத்து பாக்கெட் போடும் மிஷின் கேட்டிருந்தோம். அது வந்தால் எங்கள் பெயரைப் போட்டு நாங்களே விற்கலாம். வராவிட்டால் வழக்கம்போல மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் அது வேறு யாரோ பெயரில் பாக்கெட்டாவதை வேடிக்கை பார்க்கலாம். 'முதலில் கொடுத்த உதவியால் என்ன பலன் என்று பார்த்த பிறகுதான் அடுத்தது' என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆய்வாளர் மேடம் ஒருவர் வருவதாக ஏற்பாடு.

"ஏலே லூர்து, பாக்கெட்டு மிஷினு ஒன் வாயிலதான்டா இருக்கு. பாத்துப் பேசு" என்றார் சித்தப்பா. ஊர் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேடம் போனில் விளக்கினார். "உதவி கிடைத்த ஊரை மட்டும் பார்த்தால் போதாது சார். இதே தொழில் செய்கிற, ஆனால் உதவி கிடைக்காத ஊர் ஒன்றும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் திட்டத்தின் பலன் தெரியும். உங்கள் மிஷினின் காற்றுகூடப் படாத ஊராகச் சொல்லுங்கள்."

நான் யோசிக்கவே இல்லை. மார்க்கையன்கோட்டை என்றேன். அங்கேயும் கொஞ்சம் வீடுகளில் சிப்ஸ் போடுகிறார்கள், கையால்தான் சீவுகிறார்கள். அதைவிட முக்கியம், அது என் மாமியார் ஊர். மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு நிச்சயம். (ஆய்வுமுறை என்று பெரிய பெரிய புத்தகமெல்லாம் இருக்கிறதாம். நான் தேர்ந்தெடுத்த முறை இதுதான்.)

"எங்க மிஷினுக்கும் அந்த ஊருக்கும் ஒண்ணுமே கெடையாது மேடம். நா கேரண்டி" என்று போனிலேயே நெஞ்சைத் தட்டிக்கொண்டேன்.

மேடம் வந்தது ஓணத்துக்கு முந்தின வாரம். எங்கள் ஊரில் மாதா கோயில் திருநாள். ஓணச் சரக்கை முன்கூட்டியே அனுப்பிவிடுவோம்; கொடியேறிவிட்டால் இறங்கும்வரை ஒரு வீட்டிலும் சிப்ஸ் அடுப்பு எரியாது. பொதுக்கூடத்தைத் திறந்தால் மிஷின் இருந்த இடத்தில் தரையிலிருந்து போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மிஷின் எங்கப்பா?" என்றேன், அதை ஓட்டுகிற அருளப்பனிடம்.

"தேனிக்கு ரிப்பேருக்குப் போயிருக்குண்ணே" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டே.

சரி, மிஷின் இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே! போல்ட்டுகளைச் சுற்றி நடந்து, "இங்கன காயப் போட்டா மேடம், அங்கன சீவலா வந்து விழும்" என்று வெறுந்தரையைக் காட்டிப் பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

அடுத்து மார்க்கையன்கோட்டை. தெருமுனையில் காரைவிட்டு இறங்கும்போதே 'கடகடகட' என்று சத்தம். எங்கேயோ கேட்ட சத்தம். பெற்ற பிள்ளை கூட்டத்தில் அழுதால் தகப்பனுக்குத் தெரியாதா?

"என்ன சத்தம் சார்?"

"நெல்லு மிஷினா இருக்கும் மேடம்."

நெல் மிஷின் என் மாமியார் வீட்டு முற்றத்தில் நின்றது. பக்கவாட்டில் எங்கள் சங்கத்தின் பெயர் சிவப்புப் பெயிண்டில் பளபளத்தது. மச்சினன் சேவியர் காயைத் தள்ளிக்கொண்டிருந்தான். பின்னால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கூடையோடு வரிசை.

மாமியார் ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ள! வா ஆத்தா! எங்க மாப்ள இருக்காக பாரு, ஓணத்துக்கு நாங்க படுற பாட்டப் பாத்துட்டு வருசா வருசம் மிஷின அனுப்பி வச்சிருவாக. தங்கமான மனுசரு!"

வருஷா வருஷமா! போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன். ஜெசிந்தாவின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஆமா, நாந்தான் குடுத்து விட்டேன். ரிப்பேருன்னு சொல்லச் சொன்னதும் நாந்தான். நம்ம ஊரு அடுப்பு அணைஞ்சு கெடக்கு. அங்கன எங்கம்மா கை நோகச் சீவிக்கிட்டு இருக்கு. சும்மா கெடக்குற மிஷினு போய்ட்டு வந்தா தேஞ்சா போயிரும்?"

திரும்பி வந்து, "மேடம், இது வேணாம். வேற ஊரு காட்டுறேன்" என்று அக்கம்பக்கத்தில் தெரிந்த ஊர்ப் பெயரையெல்லாம் அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சேவியர் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னான்.

"அங்கன நம்ம சின்னம்மா வீடு மச்சான். போன வருசம் இங்கருந்து நேரா அங்கனதான் போச்சு... அதுவா? அது அருளப்பன் மாமனாரு ஊரு. அங்கயும் போயிருக்கு."

பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் எல்லாவற்றுக்கும் மிஷின் மறுவீடு போய் வந்திருக்கிறது. செயலாளருக்கு மட்டும் தெரியாது. அன்றைக்குத்தான் என் வாய் தானாக மூடியது.

கோழிக் குழம்பு எனக்கு இறங்கவில்லை. மேடம் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார். "இவ்வளவு பேருக்கு இது பயன்படுகிறதென்று உங்கள் ஊரில் மட்டும் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது சார்" என்றார். பாராட்டா, குத்தலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. பாக்கெட் மிஷின் கிடைத்துவிட்டது. மேடம் தாராளமாகவே எழுதியிருந்தார். ஆனால் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, 'இதுவரை எதுவும் கிடைக்காத' மார்க்கையன்கோட்டையில் வைக்கவேண்டும் என்று உத்தரவு.

டீக்கடையில் எனக்கு யாரும் இடம் விடாத நாட்கள் அவை. கடைசியில் ஒருநாள் சித்தப்பாதான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "ஊரு ஒலகத்துல மாமியா வீட்டுலருந்து சீரு வாங்கிட்டு வருவான். மாமியா வீட்டுக்கு மிஷின சீராக் கொண்டு போன மாப்ள நம்ம லூர்து ஒருத்தன்தான்டா!" கடையே சிரித்தது. அன்றைக்குக் கிடைத்த டீயைப் போல ஒரு டீயை நான் அப்புறம் குடித்ததே இல்லை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணமென்றால், சீர்த்தட்டுகளை வரிசையாக வைக்கும்போது யாராவது வாசலை எட்டிப் பார்த்து, "லூர்து வந்துட்டானா? மிஷினு லாரி எங்க நிக்கிது?" என்று கேட்காமல் இருப்பதில்லை. மிஷின் அங்கே நின்றாலும் எங்கள் பாக்கெட்டில் எங்கள் பெயர் இருக்கிறது. அதனால் நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன்.

போன மாதம் என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். நகைநட்டு, வண்டி எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எழுந்து கிளம்பும்போது மாப்பிள்ளைப் பையன் மட்டும் என் காதோரம் வந்து தயங்கினான்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. எங்க ஊருக்கும் அந்த மேடத்த ஒருதரம் கூட்டிட்டு வாங்க."