ஒரு வட்டில் நேரம்

ஆழிமங்கல நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அறிஞர் பேரவையில் படிக்கப்படாத எதுவும் அந்த நாட்டில் நடந்ததாகாது. மழைக்கும் அதே கதிதான். பேரவை ஒப்புக்கொள்ளும்வரை குடிமக்கள் நனைந்துகொண்டே காத்திருப்பார்கள். மன்னர் இதை அறிவின் ஆட்சி என்றார். அறிவுள்ளவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்நாட்டின் பெரிய ஏரிக்கு மதகுக் காவல் கயற்கொடி. ஒருநாள் கரையில் கை நுழையும் அளவுக்கு விரிசலைக் கண்டாள். மதகைத் திறந்து நீரை வடித்தால் கரை தப்பும். ஆனால் பேரவை சொல்லாமல் மதகைத் தொட்டால் தலை போகும். கரைக்குக் கீழே கீழ்க்குடி என்ற ஊர். அங்கேதான் அவள் தம்பி எழினி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தான்.

கயற்கொடி கட்டுரை எழுதி அனுப்பினாள். அமர்வுகளைப் பிரித்த அதிகாரிகள் தலைப்பில் ‘ஏரி’யைப் பார்த்ததும் அதை ‘நீரின் எழில்’ அமர்வில் சேர்த்தார்கள். அல்லிப்பூ பற்றிய ஆய்வுக்கும் அரசியாரின் நீராட்டு பற்றிய ஆய்வுக்கும் நடுவே இடம் கிடைத்தது.

ஒருவருக்கு ஒரு வட்டில் நேரம். அடியில் துளையிட்ட செம்பு வட்டில் நீரில் மூழ்கியதும் மணி அடித்துவிடுவார்கள். அதற்குள் மேடையில் வீற்றிருக்கும் முப்பத்தொரு பேரையும் பட்டங்களோடு விளித்து, பிறகு விஷயத்துக்கு வரவேண்டும். கயற்கொடிக்கு இருந்த பதைப்பில் அதெல்லாம் மறந்துபோயிற்று.

“கரை வெடிச்சிருக்குங்க. பத்து நாள் தாங்காது. மதகத் தொறக்க உத்தரவு குடுங்க.”

அமர்வுத் தலைவர் மகாவித்துவான் கோளரியார் கண்ணை மூடிக் கேட்டார். “அம்மையாரின் உணர்வை மதிக்கிறோம். ஆயினும் அவையோரை விளிக்காத பேச்சு பேச்சாகாது. மேலும், விரிசலில் எழில் எங்கே உள்ளது என்பதை அவர் விளக்கவில்லை.”

குறிப்பேட்டில் ‘பேச்சாளர் வரவில்லை’ என்று எழுதினார்கள். அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் கரை உடைந்தது. கீழ்க்குடியில் நூற்றுப் பதினான்கு பேர் செத்தார்கள். எழினியையும் அவன் மனைவியையும் கயற்கொடி வேலி முள்ளிலிருந்து எடுத்தாள். பிள்ளைகள் கிடைக்கவே இல்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் ஆழிமங்கலத்துக்கு ஈடு கிடையாது. பேரவை அவசரமாகக் கூடியது. செத்தவர்களின் பெயர்களைப் பேரவையில் படித்தாக வேண்டும். அதுவரை அவர்களுக்கு ஈமக்கடன் செய்யவும் தடை. படிக்கும் பொறுப்பு கயற்கொடிக்கு வந்தது.

இம்முறை அவள் தவறு செய்யவில்லை. முப்பத்தொரு பேரையும் வரிசை பிசகாமல் விளித்தாள். மன்னருக்கு ‘வெள்ளம் வென்ற வேந்தர்’ என்று புதிதாக ஒரு பட்டம் சேர்ந்திருந்தது, அதையும் விடவில்லை. முடிப்பதற்குள் வட்டில் விளிம்புவரை அமிழ்ந்துவிட்டது. அவசர அவசரமாகப் பெயர்களைப் படித்தாள். தன் வீட்டுச் சாவை முன்னே வைக்கக் கூசி, தம்பி குடும்பத்தைக் கடைசியில் எழுதியிருந்தாள். ஒன்பதாவது பெயரில் மணி அடித்தது.

“ஐயா, என் தம்பி பேரு இன்னும் வரலங்க. புள்ளைங்க பேரும் வரல.”

“அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள்,” என்றார் கோளரியார். “இறந்தோர் ஒன்பது பேர். ஏனையோர் நலமுடன் வாழ்வதைப் பேரவை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது.”

மேடையில் கைதட்டினார்கள். அன்று கயற்கொடிக்கு அழக்கூட உரிமை இல்லை. உயிரோடிருப்பவர்களுக்காக அழுவது அபசகுனம் என்று இன்னொரு விதி இருந்தது.

மூன்றாம் மாதம் பேரவைக்குத் தேர்தல் வந்தது. கயற்கொடி நெடுநேரம் வரிசையில் நின்று வாக்கோலை வாங்கப் போனாள். எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, அவள் பெயரில் நிறுத்தினார்.

“உங்க தம்பியும் அவரு சம்சாரமும் காலையிலயே மொத ஆளா வந்து போட்டுட்டுப் போயிட்டாங்களே,” என்றார். “நீங்கதாம்மா இன்னும் போடல.”