அலமாரிக்குள் ஒரு கில்ட்

ஆர்ச்சி மெக்ரே உயிரோடு இருக்கும்வரை, ஸ்காட்லாந்து ஆண்கள் முழங்கால்வரை சுற்றிக்கொள்ளும் கம்பளிப் பாவாடையான கில்டைக் கட்ட மாட்டார். இது டிங்வால் ஊருக்கே தெரிந்த விஷயம். தன் கல்யாணத்துக்கே பேன்ட் போட்டுக்கொண்டு வந்து நின்ற மகானுபாவர் அவர். மாமனார் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர், சாகும்வரை திரும்பவே இல்லை.

கேட்டால் "கொள்கை" என்பார். கொள்கை முழங்காலுக்குக் கீழே இருந்தது. கால் இரண்டும் துடைப்பக் குச்சிக்கு ஷூ மாட்டிய மாதிரி இருக்கும். சின்ன வயதில் அரைக்கால் சட்டையில் அவரைப் பார்த்துப் பள்ளிக்கூடமே "கொக்கு, கொக்கு" என்று கூவியது. அன்றிலிருந்து அந்தக் கால்களைப் பார்த்தவர்கள் அவரும் அவர் மனைவி ஷீனாவும் மட்டும்தான்.

இப்போது மகள் எய்லிக்குக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்து தேவாலயத்துக்குள் அழைத்துப்போவது தகப்பன் வேலை. அப்பா மெக்ரே குடும்பத்துக் கட்டம் போட்ட கில்டில் வரவேண்டும் என்று எய்லிக்கு ஆசை. கெஞ்சினாள், அழுதாள். ஷீனா சண்டையே போட்டாள். ஆர்ச்சி அசையவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஷீனா சாவதானமாகச் சொன்னாள்.

"சரி ஆர்ச்சி. உனக்குப் பிடிச்சதைப் போட்டுக்கோ."

ஆர்ச்சி ஓட்ஸ் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னே?"

"பேன்ட்டே போட்டுக்கோன்னு சொன்னேன்."

"கோவமா சொல்றியா?"

"இல்ல."

"மனசுக்குள்ள அழுதுகிட்டே சொல்றியா?"

"வெங்காயம்கூட உரிக்கல."

"அப்ப எதுக்குச் சொல்றே?"

"கஞ்சி ஆறுது. சாப்பிடு."

ஆர்ச்சிக்குக் கஞ்சி இறங்கவில்லை. சண்டை போடுகிற ஷீனாவை அவருக்குத் தெரியும். சரி என்று சொல்கிற ஷீனாவை அவர் பார்த்ததே கிடையாது. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

அதிலிருந்து வீட்டில் நடந்ததெல்லாம் அவருக்கு மர்மமாகவே பட்டது. ஒரு நாள் காலை கூடத்திலிருந்து ஷீனா கத்தினாள்.

"ஆர்ச்சி, அசையாதே! என் முத்துத் தோடு ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. அப்படியே முட்டி போடு."

முட்டி போட்டார். "குனிஞ்சு தேடட்டுமா?"

"குனியாதே! முதுகை நிமிர்த்து நேரா இரு. நான் தேடிக்கிறேன்."

"நீ தேடறதுக்கு நான் எதுக்கு முட்டி போடணும்?"

"நின்னா வெளிச்சத்தை மறைக்கிறே."

நியாயமாகத்தான் பட்டது. ஷீனா அவர் பின்னால் தவழ்ந்தாள். திடீரென்று அவர் இடுப்பைச் சுற்றி ஏதோ மெல்லத் தழுவியது. ஆர்ச்சிக்குக் காது சிவந்துவிட்டது.

"ஷீனா... காலங்காத்தாலயா?"

"சீ, பூனை!" என்றாள்.

பூனை எப்படி இடுப்பு உயரத்துக்கு வந்தது? ஆர்ச்சி சந்தேகப்பட்டார். ஆனால் பூனையைச் சந்தேகப்பட்டார். அன்று முழுக்க அது போன இடமெல்லாம் பின்னாலேயே போய் நோட்டம் விட்டார். தோடு கிடைத்ததா இல்லையா என்று கேட்கவே மறந்துபோனார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மழைக் கோட்டைத் தேடி விருந்தாளி அறை அலமாரியைத் திறந்தார். போர்வைகளுக்குப் பின்னால், கம்பளி வாசனையோடு ஒரு கில்ட் தொங்கியது. மெக்ரே கட்டம். மடிப்புகள் கலையாமல் நூல் ஓட்டி வைத்திருந்தது.

ஆர்ச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாக்கி!

லாக்கி அவருடைய சித்தப்பா மகன். பக்கத்து வீடு. ஊர்க் கல்யாணங்களில் பைப் என்கிற துருத்தி வாத்தியம் ஊதுகிறவன். தூங்கும்போதாவது கில்டைக் கழற்றுகிறானா என்று யாருக்கும் தெரியாது. அவன் கால்கள் ஒவ்வொன்றும் தேவாலயத் தூண். எய்லிக்கு அவன்மேல் சின்ன வயதிலிருந்தே உயிர். ஆக, பேன்ட் போட்ட அப்பாவைக் கழற்றிவிட்டுவிட்டு, கில்ட் கட்டிய சித்தப்பாவின் கையைப் பிடித்து உள்ளே போகப்போகிறாள். அவனுக்காகப் புதுக் கில்ட் தைத்து இங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஷீனா "சரி" என்றிருக்கிறாள்!

இத்தனை நாள் கால்களைக் காப்பாற்றி, பெண்ணைக் கோட்டைவிட்டுவிட்டோமோ? அந்த நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை. நேராக வேலிப்பக்கம் போனார். லாக்கி அங்கே இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா லாக்கி, கல்யாணத்தன்னிக்கு உனக்கு என்ன வேலை?"

லாக்கிக்குப் புரை ஏறியது. "எனக்கா? பைப் ஊதணும்."

"அது மட்டும்தானா?"

"ஆர்ச்சி, என் வாயைக் கிளறாதே. எதையாவது சொன்னா ஷீனா என் பைப்பைக் குளத்துல போட்டுடுவேன்னு சொல்லியிருக்கா."

"அப்ப சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு!"

"இல்ல. இருக்கு. ஐயோ, நீ போடா!" என்று மீதிப் பலகாரத்தோடு உள்ளே ஓடிவிட்டான்.

இதற்குமேல் சாட்சி வேண்டுமா? ஆர்ச்சி அன்றைக்கே முடிவு கட்டினார். அந்தக் கில்டைத் தானே கட்டிக்கொண்டு போய்விடுவது. லாக்கிக்குக் கில்டும் இருக்காது, சாக்கும் இருக்காது. ஷீனா ஒரு திட்டம் போட்டால் ஆர்ச்சி மெக்ரே ஒன்பது போடுவான்!

கல்யாணத்தன்று ஷீனாவும் எய்லியும் விடியும்போதே அலங்காரத்துக்காக, தேவாலயத்துக்கு எதிரே இருந்த ஷீனாவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஷீனா சொன்னாள்: "உன் பேன்ட்டைத் தேய்ச்சுக் கட்டில்மேல வெச்சிருக்கேன். நேரா தேவாலயத்துக்கு வந்துடு."

"வந்துடறேன், வந்துடறேன்," என்றார் ஆர்ச்சி, நாடகத்தில் வில்லன் பேசுவதுபோல.

கட்டிலில் சாம்பல் நிற பேன்ட் மடித்து வைத்திருந்தது. அதை அவர் தொடக்கூட இல்லை. கில்டை எடுத்துச் சுற்றி, வார்களை மாட்டினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. லாக்கியின் வயிறு தம்மைப்போல் இரண்டு பங்காயிற்றே என்று ஒரு நொடி யோசித்தார். 'பய பட்டினி கிடந்து இளைச்சிருக்கான்! என் பொண்ணு கையைப் பிடிக்க அவ்வளவு ஆசை!' ஆத்திரத்தில் போன வாரம் பார்த்த இறைச்சிப் பலகாரம் நினைவுக்கு வரவில்லை. கையில் கிடைத்த கறுப்பு ஆபீஸ் சாக்ஸை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இறங்கியதும் காற்று. ஐம்பது வருஷமாக வெளியில் காத்திருந்த காற்று மொத்தமாக உள்ளே வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஒரு கையால் முன்பக்கம், ஒரு கையால் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த நாய் அந்தக் கால்களைப் பார்த்து நின்று யோசித்தது. சாக்ஸ் வேறு வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கியது. இழுத்துவிடலாம் என்று ரொட்டிக் கடை வாசலில் இருந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்தில் "ஆ!" என்று துள்ளி எழுந்தார். பெஞ்சு முழுக்க ராத்திரி மழை.

ரொட்டிக் கடை ஜெஸ்ஸி வாசலுக்கு வந்துவிட்டாள். "உக்காரும்போது பின் மடிப்பைத் தடவிவிட்டு உக்காரணும். உங்கம்மா சொல்லித் தரலையா, ஆர்ச்சி?"

"அவசரத்துல மறந்துட்டேன்."

"முதல் தடவையா?"

"சேச்சே, வீட்டுல அடிக்கடி கட்டுவேன்."

"அது சரி. உள்ளே என்ன போட்டிருக்கே?"

கில்ட் கட்டியவனை இந்த ஊர் கேட்காமல் விடாத கேள்வி அது. உள்ளே ஒன்றும் போடாததுதான் வழக்கம். ஆர்ச்சி உள்ளே என்னென்னவோ போட்டிருந்தார். மீன்பிடிக்கப் போகும்போது போடுகிற கம்பளி நிக்கர் உட்பட.

"பயம்," என்றார். ஜெஸ்ஸி சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கூடவே வந்தது.

தேவாலய வாசலில் லாக்கி பைப்போடு நின்றான். இடுப்பில் மெக்ரே கட்டம் போட்ட கில்ட். வயிறு அப்படியே இருந்தது.

ஆர்ச்சி தன் இடுப்பைப் பார்த்தார். அவன் இடுப்பைப் பார்த்தார்.

"டேய்... உன் கில்ட் என்கிட்ட இல்ல இருக்கு?"

"என்னுது என்கிட்டதான் இருக்கு," என்றான் லாக்கி.

அதற்குள் எதிரே சித்தி வீட்டிலிருந்து எய்லி வெள்ளைக் கவுனில் வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டு, போட்ட அலங்காரமெல்லாம் கரைய அழுதாள்.

"அப்பா! எனக்காகவா?"

ஆர்ச்சி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பின்ன யாருக்காகடி?" என்றார். அந்த நிமிஷம் அது உண்மையாகவும் இருந்தது. இந்தக் கால்களைப் பார்த்து ஊரே கூவட்டும், பெண் கை தன் கையில் இருந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஷீனா நிதானமாக வந்தாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து முழங்கால்வரை வரும் வெள்ளைக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வந்தது. அதைக் கட்டுகிற பட்டிகள் வந்தன. இடுப்பில் தொங்கவிடுகிற தோல் பை வந்தது. எல்லாம் ஆர்ச்சி அளவு.

"சீக்கிரம் மாட்டு. ஆபீஸ் சாக்ஸோடதான் வருவேன்னு தெரியும்."

"உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்த ஆர்ச்சி நிறுத்தினார். ஷீனாவின் இரண்டு காதிலும் முத்துத் தோடு மின்னியது. "தோடு... கிடைச்சுடுச்சா?"

"தொலைஞ்சாத்தானே கிடைக்கறதுக்கு!"

லாக்கி அடக்க முடியாமல் சிரித்தான். "கில்டுக்கு அளவு எடுக்கறதுன்னா முட்டி போட வெச்சுத்தான்டா எடுப்பாங்க. ஓரம் தரையைத் தொட்டும் தொடாம நிக்கணும்."

"அப்ப அந்தப் பூனை?"

"அளவு நாடா," என்றாள் ஷீனா.

ஆர்ச்சிக்கு இப்போதுதான் எல்லாம் உறைத்தது. ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா, கடைசி வீறாப்பை விடவில்லை. "போதும் போதும். நானா ஆசைப்பட்டுக் கட்டிட்டு வந்தேன். வேணாம்னு நினைச்சிருந்தா கட்டில்மேல இருந்த என் பேன்ட்டைப் போட்டுட்டு வந்திருப்பேன்!"

ஷீனா அவர் கழுத்துப் பட்டையை நேராக்கினாள்.

"அந்தப் பேன்ட்தான் ஆர்ச்சி, லாக்கியுது."