டுரியான் கையில் இல்லாதவர் பேசக்கூடாது

எனக்கு வாய் நிற்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. நான் சொல்லாவிட்டாலும் என்னைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்குவதற்குள் அவருடைய சம்பந்தி வீட்டுச் சண்டைவரை கேட்டு, தீர்ப்பும் சொல்லி அனுப்பிவிடுவேன். கல்யாணமான புதிதில் என் கணவர் சுரேஷுக்குப் பத்து காவான் என்கிற ஊரிலுள்ள தொழிற்சாலையில் இரவு வேலை போட்டால்கூடச் சந்தோஷமாகக் கிளம்புவார். (அங்கே இயந்திரச் சத்தம் மட்டும்தானாம்.)

அப்படிப்பட்ட என்னைக் கடவுள் ஒரே ஒருநாள் வாயை மூடிக்கொண்டு நிற்க வைத்தார். அதுவும் மேலதிகாரி முன்னால். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் என் வகுப்பு பறிபோகப் பார்த்தது, மானம் போயே போய்விட்டது, போதாக்குறைக்கு நான் கர்ப்பமாகவும் ஆகிவிட்டேன். பதறாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

அப்போது பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். தமிழ் வகுப்பு மற்றப் பாடங்களைப் போல இல்லை. கடைசி மணி அடித்து, பள்ளியே வீட்டுக்குப் போன பிறகு, படிவம் நான்கில் தமிழ் எடுத்த பதினாறு வயதுப் பிள்ளைகள் மட்டும் பசியோடு ஓவிய அறைக்கு வரவேண்டும். வேறு அறை காலி இல்லை. காய்ந்த சாயம் ஒட்டிய நாற்காலிகள், மனசு வந்தால் சுற்றும் காற்றாடி. நான் அந்த வயதில் இருந்திருந்தால் வகுப்புக்கு வராமல் போந்தேங் போட்டுவிட்டு ஐஸ் கச்சாங் சாப்பிடப் போயிருப்பேன். அவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

வந்த மீதிப் பேர் பேசினார்கள். நான் கத்தினேன். அவர்கள் என்னைவிடச் சத்தமாகப் பேசினார்கள். நான் இன்னும் கத்தினேன். ஒருநாள் பக்கத்து அறிவியல் கூடத்து ஆசிரியர் ஓடிவந்து, "என்ன டீச்சர், யாருக்காவது அடிபட்டுருச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், பாடம் நடக்குது" என்றேன்.

துணை முதல்வர் புவான் ரொஹானா (புவான் என்றால் மலாயில் 'அம்மையார்') நல்ல மனுஷி. ஆனால் அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். பாதிப் பேர் வருவதில்லை, வருகிறவர்களும் அடங்குவதில்லை, சில வாரம் கழித்து நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் அடுத்த ஆண்டு இந்த வகுப்பு வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார். வகுப்பை நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தேர்வில் தமிழ் எடுக்கமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து செபராங் ஜெயாவில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வகுப்பைக் கட்டுப்படுத்தும் புதிய முறையாம். எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பொருள் கைமாறிக்கொண்டே போகும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். அதட்டலும் கிடையாது, தண்டனையும் கிடையாது. எனக்கு ஞானோதயமே வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பினாங்கு சாலையில் சுற்றுப்பயணிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் நுழைந்து, பஞ்சு அடைத்த ஒரு டுரியான் பழப் பொம்மை வாங்கினேன். பச்சை நிறம், மெத்மெத்தென்று முள், சிரிக்கிற வாய். அதைப் பார்த்தாலே பிள்ளைகள் மயங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அலாமாக்! டீச்சர், நாங்க என்ன தடிக்காவுல பொம்ம வச்சு வெளயாடற சின்னப் புள்ளைங்களா?" என்றான் தினேஷ். வகுப்புக்கே அவன்தான் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவனுக்கும் வாய் நிற்காது, அதுதான் தகுதி.

"மாலு லா டீச்சர். யாராச்சும் பாத்தா எங்க மானம் போயிரும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள்.

நான் பயிற்சியில் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தினேஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "சரி டீச்சர். இந்த ரூல் ஒங்களுக்கும் உண்டா?"

அங்கேதான் நான் கவிழ்ந்தேன். "உண்டு" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா. நான் ஒரு தடவை மீறினாலும் டுரியானைத் தூக்கி எறிஞ்சிடறேன். அப்புறம் நீங்க வகுப்புக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

அறையில் அப்படி ஒரு ஆரவாரம். என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா? ஒரு நாள்கூடத் தாங்கமாட்டேன் என்று எண்ணித்தான் அத்தனை பேரும் சமத்தாக வட்டம் போட்டு உட்கார்ந்தார்கள்.

அன்று முதல் எனக்குச் சோதனைக்காலம். தினேஷ் டுரியானைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின இரவு பார்த்த காற்பந்து ஆட்டத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை வர்ணிப்பான். ஒருத்தி தன் அத்தை வீட்டு விசேஷத்தில் கறி உப்புக் கரித்ததைப் பற்றிப் பேசுவாள். எனக்குக் கேள்விகள் தொண்டைவரை வந்து முட்டும். (எந்த அத்தை? யார் சமைத்தது?) ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பலகையில் எழுதிக் கேட்டேன். உடனே வழக்காடினார்கள். எழுதுவதும் பேசுவதுதான் என்று முடிவாகி, அந்தக் கதவும் அடைபட்டது. வீட்டுக்குப் போய்த்தான் மிச்சத்தையெல்லாம் சேர்த்துப் பேசுவேன். சுரேஷ், "பள்ளிக்கூடத்துல என்னம்மா செய்யறாங்க ஒன்ன?" என்று கேட்டார்.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. போந்தேங் போட்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தமிழ்மேல் ஆசையால் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், டீச்சர் வாயை மூடிக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் அப்படியே பேசவும் ஆரம்பித்தார்கள். டுரியான் என் கைக்கு வரும்போது நானும் பாடத்தை நடத்தினேன். அதுதான் நேரமென்று தெரிந்ததால் சுருக்கமாக நடத்தினேன். அவர்கள் கேட்டார்கள். சத்தியமாகக் கேட்டார்கள்!

ஆக்னஸ் மட்டும் பேசவில்லை. சன்னலோரம் உட்காருகிற ஒல்லிப் பெண். ஆண்டு தொடங்கியதிலிருந்து அவள் குரலை யாரும் கேட்டதில்லை. டுரியான் தன்னிடம் வந்தால் நெருப்பைத் தொட்டதுபோல் அடுத்தவர் மடியில் போட்டுவிடுவாள். நானும் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்த வாய் வேண்டுமே!

புவான் ரொஹானா வருவதாகச் சொன்ன நாள் வந்தது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தாயிற்று. டுரியான் தினேஷ் கையில். அவன் அன்று கேன்டீனில் காரச் சம்பல் கொஞ்சம் தாராளமாகப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். முகம் வெளிறியது. "டீச்சர், தண்டாஸ்!" என்று கழிவறைக்கு ஒரே ஓட்டம். அவசரத்தில் டுரியானையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அவன் ஒரு கதவால் வெளியே போகிறான், புவான் ரொஹானா இன்னொரு கதவால் உள்ளே வருகிறார்.

"செலாமாட் பெத்தாங்" என்று சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் இன்னொரு முறை சொன்னார். நாங்கள் இன்னும் பணிவாக நின்றோம். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புவானும் என்னைப் பார்த்தார்.

"இன்று என்ன பாடம், டீச்சர்?"

நான் சிரித்தேன். பிறகு சைகையில் இறங்கினேன். கதவைக் காட்டினேன், தினேஷ் ஓடியதைச் சொல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தேன், அவனுடைய அவஸ்தையைச் சொல்ல. பிறகு இரண்டு கைகளாலும் வயிற்றுக்கு முன்னால் பெரிதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன், அது டுரியான். கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்பதுபோல் ஒரு புன்னகையும் செய்தேன்.

புவான் ரொஹானாவின் முகம் மலர்ந்தது. "ஓ! தஹ்னியா, டீச்சர்! தஹ்னியா!" (வாழ்த்துகளாம்.) ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நிற்காதீர்கள், உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் பலமாகத் தலையாட்டினேன். நம் தலையாட்டல்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆமாமா இல்லையா என்று ஆட்டுகிற நமக்கே சில சமயம் விளங்காது. அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

என்னை உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அப்போது சிரிப்பு போய்விட்டிருந்தது. "டீச்சருக்கு உடம்பு முடியவில்லை, சரி. உங்களுக்கு என்ன? ஒரு வணக்கத்துக்குக்கூடப் பதில் சொல்லமாட்டீர்களா?"

காற்றாடிகூடப் பார்த்து அந்த நேரத்தில் நின்று தொலைத்தது.

"இதற்கு முன்னால் சத்தம் போட்டீர்கள். இப்போது மரியாதையும் இல்லை. இந்த வகுப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். எதிரில் இருந்த பையன் ஒருவன், 'பரவால்ல டீச்சர், பேசிருங்க' என்று கையால் கும்பிட்டுக் காட்டினான். என்னைத் தோற்கடிக்கக் காத்திருந்த அதே பிள்ளைகள்! பேசினால் அவர்களிடம் செய்த சத்தியம் போகும், பேசாவிட்டால் வகுப்பு போகும். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். மீன் தொட்டியில் மீன் அப்படித்தான் செய்யும்.

(அவரை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சுரேஷும் கேட்டார். அந்த நேரத்தில் தோன்றவில்லை, போதுமா?)

அப்போது ஆக்னஸ் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று கதவைத் தாண்டி ஓடினாள். "பாருங்கள், இப்போது எழுந்து ஓடவும் செய்கிறார்கள்" என்றார் புவான்.

அடுத்த நொடி வராந்தாக் கோடியில், ஆண்கள் கழிவறைப் பக்கமிருந்து கட்டடமே அதிர ஒரு குரல் கேட்டது.

"டேய் தினேஷ்! டுரியானக் குடுடா! வகுப்பு போவப் போவுதுடா!"

அதுதான் ஆக்னஸின் குரல். அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும்.

அவன் கதவுக்கு மேலாகத் தூக்கி எறிந்திருக்கிறான். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். பொம்மை கொஞ்சம் ஈரமாக இருந்தது. ஏன் ஈரம் என்று யாரும் கேட்கவில்லை. புவானைப் பார்த்து மலாயில் பேசினாள். திக்கித் திக்கித்தான் பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை.

"மன்னிச்சிருங்க புவான். இது கையில இருந்தாத்தான் நாங்க பேசலாம். டீச்சருக்கும் அதே ரூல். அவங்க தோக்கணும்னுதான் நாங்க எல்லாரும் வந்தோம். எங்க டீச்சரால பேசாம இருக்கவே முடியாது புவான். ஆனா எங்களுக்குச் சொன்ன வார்த்தைக்காக ஒங்க முன்னாடிகூடப் பேசாம நிக்கறாங்க. நான் எங்கயும் பேசமாட்டேன். நான் யோசிச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள யாராச்சும் பேசிருவாங்க. இங்க மட்டுந்தான் நான் பேசற வரைக்கும் எல்லாரும் காத்திருக்காங்க. இந்த வகுப்ப எடுத்துறாதீங்க."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அடக்கவும் இல்லை. அழுவதற்கு டுரியான் தேவையில்லையே!

புவான் ரொஹானா ஆக்னஸின் அருகில் வந்தார். பிறகு கையை நீட்டி டுரியானை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இப்போது நான் பேசலாமா?" எல்லாரும் தலையாட்டினோம். "வகுப்பு நடக்கட்டும். அடுத்த ஆண்டும் நடக்கட்டும்" என்றார்.

கத்த முடியாததால் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள். அந்தக் கூத்துக்கு நடுவே தினேஷ் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து, "புவான் எப்ப வருவாங்க?" என்று சத்தமாகக் கேட்டான். கையில் டுரியான் இல்லாமல் பேசியதற்காக அத்தனை பேரும் அவனை முறைத்தார்கள்.

புவான் போகும்போது என் பக்கம் குனிந்து, "எத்தனை மாதம்?" என்று கேட்டார். டுரியான் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி மறுத்தேன். "பத்து மாதமா? உருவமே தெரியவில்லையே!" என்று சிரித்து, பொம்மையை ஆக்னஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது கைமாறி என்னிடம் வருவதற்குள் அவர் ஆசிரியர் அறையை அடைந்துவிட்டார்.

ஆசிரியர் அறையிலிருந்து சேதி கேன்டீன் லெட்சுமி அக்காவுக்குப் போனது. லெட்சுமி அக்காவும் என் மாமியாரும் ஒரே கோயில். நான் வீட்டுக்குப் போனபோது மாமியார் வாசலில் நின்றிருந்தார். வீட்டிலிருந்த அன்னாசிப்பழம், பப்பாளி எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயாயிற்று. கேசரி கிண்டியாயிற்று.

"எதிர்வீட்டுப் பூன குட்டி போட்டாக்கூட எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவியே, கலா. இத மட்டும் ஏம்மா வாயத் தொறந்து சொல்லல?" என்று கண்கலங்கினார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த சுரேஷின் வாயில் யாரோ கேசரியைத் திணித்தார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எனக்கே தெரியாதே லா" என்றார் பரிதாபமாக.

நான் எவ்வளவோ விளக்கினேன். மாமியார் நம்பவில்லை. கண் படக்கூடாதென்று மறைக்கிறேன் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார். மாதங்கள் போய், வயிறு அப்படியே இருந்து, பிறகு நான் நிஜமாகவே கர்ப்பமாகி எங்கள் மகள் பிறந்தாள். அப்போதும் அவர் கேசரி கிண்டிய நாளிலிருந்து போட்ட கணக்கை மாற்றவில்லை.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளைகளில் பலர் வந்திருந்தார்கள். தினேஷுக்கு மீசை முளைத்திருந்தது. ஆக்னஸ் கல்லூரிக் கதை சொல்லிச் சொல்லி யாரையும் பேசவே விடவில்லை. விருந்துக்கு வந்த ஒரு பாட்டியம்மா, "புள்ள இப்பவே என்னமா கெட்டிக்காரத்தனமா பாக்குது!" என்று மகளைத் தூக்கிக் கொஞ்சினார்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? மத்த புள்ளைங்க மாதிரி அவசரப்பட்டா வந்துச்சு? எங்க கலா ரெண்டு வருஷம் சொமந்து பெத்த புள்ளையாச்சே!" என்றார்.