இருவருக்கு ஒரு குடில்

2015 ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, சமோவாவின் உப்போலுத் தீவில், ஹார்டுவேர் கடை மேலாளர் பெனியாமினா எதிர்த் தீவான சவாயிக்குத் தொலைபேசி செய்து, எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த கடற்கரையில் ஒரு ஓலைக் குடிலை வார இறுதிக்குப் பதிவு செய்தான். இருவருக்கு.

இதை மனைவி மகேரிதாவிடம் சொல்ல அவளைச் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கூரையும் தூண்களும் உண்டு. சுவர் கிடையாது.

"நாம ரெண்டு பேரு மட்டுமா?" என்றாள் மகேரிதா.

"மட்டும்தான். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு ஞாயித்துக்கிழமையாவது நீ அடுப்பை விட்டு நகர்ந்திருக்கியா? கோயில் முடிஞ்சதும் ஊரே நம்ம வீட்டுலதான் சாப்பிடுது."

"எனக்கு எரிமலையும் வேணாம், கடலும் வேணாம். யாருக்கும் சமைக்காம ஒரு நாள் தூங்கினா போதும்."

"தூங்கு. நான் வாக்குக் குடுக்கறேன். ஆனா யார் காதுலயும் விழக்கூடாது."

"நான் எங்கே சொல்லப்போறேன்?" என்றாள் மகேரிதா.

மறுநாள் மாலை, எதிர்வீட்டுச் செமிசி ஓட்டும் இளஞ்சிவப்புப் பேருந்திலிருந்து ஃபுவாத்தினோ அத்தை இறங்கினாள். பெனியின் அப்பாவுக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் அவளுடைய சொல்லைத் தாண்டி மழைகூடப் பெய்யாது.

"டேய் பெனி, சவாயிக்குப் போறியாமே? குடிலெல்லாம் எடுத்திருக்கியாம்? பெத்தவங்க செத்துட்டா அத்தையும் செத்துட்டாளா?"

"அய்யோ அத்தை, ஊர் சுத்தவா போறேன்? அந்தக் குடில்காரரு எங்கம்மா வழியில தூரத்துச் சொந்தம். உடம்பு ரொம்ப முடியலையாம். பார்த்துட்டு வந்துடறோம்."

அவன் செய்த தவறு இதுதான். உல்லாசப் பயணம் என்று சொல்லியிருந்தால் அத்தை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். நோயாளி என்றால் அது குடும்பக் கடமை.

"முடியாதவரை வெறுங்கையோட பார்க்கப் போறியா? நம்ம குடும்ப மானம் என்னாகறது? சீராக் குடுக்கற பின்னல் பாய் ரெண்டு நான் எடுத்துக்கறேன். டின் மாட்டிறைச்சி ஒரு பெட்டி உன் பொறுப்பு. சித்தப்பாங்களுக்கும் சொல்லிடறேன்."

அத்தை போன பிறகு மகேரிதா பெருமூச்சு விட்டாள். "விடுங்க. என் தலையெழுத்து. ஆமா, உங்க தம்பி குடும்பத்தை விட்டுட்டாங்களே, மனசு சங்கடப்படுவாரே. அவங்களையும் கூப்பிடுங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று பெனி நினைத்தான்.

மறுநாள் அவன் அத்தை வீட்டுக்கு ஓடினான். "அத்தை, நல்ல சேதி! அவரு எழுந்து உட்கார்ந்துட்டாராம். கஞ்சி குடிச்சாராம். இனி யாரும் அலைய வேணாம்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் போதகரே வந்துவிட்டார்.

"பெனியாமினா, சாவு வாசல்லேருந்து ஒருத்தரு திரும்பியிருக்காரு. இதுக்கு நன்றி சொல்லாம இருந்தா கர்த்தர் என்ன நினைப்பாரு? பாடகர் குழு மொத்தமும் வருது. வெள்ளை உடுப்பு துவைக்கப் போட்டாச்சு."

"மொத்தமுமா போதகரே?"

"தாழ்ந்த குரல்காரங்க வரலேன்னா பாட்டு எடுபடாது தம்பி."

தூணருகே நின்ற மகேரிதா மெதுவாகக் கேட்டாள். "அவங்க பிள்ளைங்களை யாரு பார்த்துக்குவாங்க போதகரே? பாவம், அதுங்களையும் கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

"நல்ல யோசனை," என்றார் போதகர்.

மிச்சமிருந்தது பயமுறுத்துவது ஒன்றுதான். வியாழக்கிழமை பெனி ஊர்த் தலைவரைப் பார்த்தான். "ஐயா, அந்த எரிமலை மறுபடி புகையுதாம். பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் அங்கே போறது சரியா?"

நூறு வருடமாக அந்த மலை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

"இப்பதான் பிழைச்ச மனுஷன், எரிமலைக்கடியில கிடக்காரு," என்றார் தலைவர். "அவரைத் தூக்கிட்டு வர ஆள் வேணாமா? ஆபத்துல சொந்தத்தைக் கைவிட்ட ஊருன்னு பேரெடுக்கணுமா? ரக்பி பசங்களை வரச்சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை செமிசியின் பேருந்தில் ஊர் ஏறியது. எங்கள் பேருந்துகளில் இடம் இல்லை என்ற பேச்சே கிடையாது. ஒருவர் மடியில் இன்னொருவர், அவர் மடியில் குழந்தை, குழந்தை மடியில் கோழி. கூரையில் இரண்டு பன்றிகள் கால் கட்டப்பட்டு, நடக்கப்போவது தெரிந்த முகத்தோடு கிடந்தன.

பெனி கை நீட்டினான். "வா மகே, ஏறு."

மகேரிதா ஏறவில்லை. "ஊரைக் காலியா போட்டுட்டு எல்லாரும் போனா எப்படி? மிச்ச பன்னிகளுக்கு யாரு தீனி வைப்பாங்க? நீங்க போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

பேருந்து முழுவதும் உச்சுக்கொட்டியது. அத்தை மூக்கைச் சிந்தினாள். போதகர் மகேரிதாவின் தியாகத்தைச் சொல்லி நீளமாக ஜெபித்தார்.

"அப்போ நானும் இறங்கிடறேன்," என்றான் பெனி.

"நீ இறங்கிட்டா வீட்டை யாருடா காட்டறது? உங்கம்மா வழிச் சொந்தமாச்சே!" அத்தை அவனை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்தாள்.

பேருந்தை ஏற்றிக்கொண்ட படகு சவாயி போய்ச் சேரும்வரை அவன் அத்தை மடியிலேயே உட்கார்ந்திருந்தான். கொடுத்த வாக்கு போயிற்று. அவளோ அங்கே பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் போனபோது குடில்காரர் தென்னைமரத்தின் உச்சியில் இருந்தார்.

"அல்லேலூயா!" என்றார் போதகர்.

பாடகர் குழு நான்கு குரலில் ஆரம்பித்தது. குடில்காரர் இறங்கி வந்தார். காலடியில் சீர்ப்பாய்கள் விரிந்தன, டின்கள் அடுக்கப்பட்டன, பன்றிகள் வந்தன. யார் என்ன என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதையோடு கொடுப்பதை ஏன் என்று கேட்பவர் சமோவாவில் பிறந்திருக்கமாட்டார். மாலைக்குள் அத்தையும் அவரும் வம்சாவளியைத் தோண்டி, உண்மையிலேயே சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ரக்பி பசங்கள் மட்டும் அவரை ஒருமுறையாவது தூக்கிப் பார்க்கவேண்டும் என்றார்கள். தூக்கினார்கள்.

"பெரிய சீர் கொண்டாந்திருக்கீங்க. பதில் விருந்து வைக்காம அனுப்பமாட்டேன்," என்றார் குடில்காரர். "ஞாயித்துக்கிழமையும் இருந்துட்டுத்தான் போகணும்."

"அது முடியாது," என்றாள் அத்தை. "ஞாயிறு மதியச் சாப்பாடு மகேரிதா கையால. கோயில் நேரத்துக்குத் திரும்பியாகணும்."

பெனி எழுந்து கருங்கல்லாய் உறைந்த எரிமலைக் குழம்பின்மேல் போய் உட்கார்ந்தான். செமிசி வந்து ஒரு இளநீரை நீட்டினான்.

"ஏண்ணே இஞ்சி தின்ன மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"அவளுக்குத் தூக்கம் வாங்கித் தர்றேன்னு சொன்னேன்டா செமிசி. எந்தப் பாவி அத்தைகிட்ட போட்டுக் குடுத்தானோ!"

செமிசி தலையைச் சொறிந்தான்.

"நான்தாண்ணே. அண்ணிதான் சொல்லச் சொன்னாங்க. 'பெரிய பஸ்ஸா கொண்டா, ஊர்ல ஒருத்தரையும் விட்டுடாதே'ன்னாங்க."

பெனி இளநீரைக் குடித்து முடித்தான். பிறகு குடில்காரரிடம் போய், ஞாயிறு விருந்துக்கு எல்லாரும் இருப்பார்கள் என்று சொன்னான்.