பத்து சென்ட் நெல்வயல்

உதியன்குளங்கரை சந்திப்பில் நின்று, வயலில் மண் கொட்டுகிறவர்களைக் கிருஷ்ணன்குட்டி வைதுகொண்டிருந்தபோதுதான் அவர் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. 'உங்கள் நிலத்தைச் செவ்வாய் காலை பத்தரைக்குக் கிருஷி பவன் வேளாண் அலுவலர் பார்வையிடுவார்.' அவ்வளவுதான். எதற்கு என்று இல்லை.

எதற்கு என்று அவருக்குத் தெரியும். நெல்வயல் பாதுகாப்புக் கமிட்டியில் ஆறு வருடமாக அவர்தான் விவசாயிகளின் பிரதிநிதி. யார் ஒரு கூடை மண் கொட்டினாலும் முதலில் போய் நிற்பவர். ஆனால் அவருடைய சொந்தப் பத்து சென்ட், அரசாங்கத்தின் வயல் பட்டியலில் நெல்வயல். நிலத்தில் நிற்பதோ மரச்சீனிக் கிழங்கும் நாலு தென்னையும். அப்பா காலத்திலேயே மேடாகி, கரைநிலமாகிப்போன இடம். கமிட்டியில் கை தூக்கிப் பேசும்போதெல்லாம் அந்தத் தென்னைகள் அவர் மனதில் வந்து நிற்கும்.

"எவனோ நம்மப் பத்திப் பராதி எழுதிப் போட்டுட்டான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. அடுத்தவன் நிலமா இருந்தா நானே எழுதியிருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கிருஷி பவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சட்டம் தெரிந்தவர் கேட்பாரா? மனைவி விலாசினி நீட்டும் தாள்களில்கூட அவர் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்ப்பது சட்டம் தெரியாதவர்களின் வேலை என்பது அவர் கொள்கை.

ஞாயிறு காலை மரச்சீனியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, காஞ்சிரங்குளத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த விலாசினி கூப்பிட்டாள்.

"அந்த இடத்த ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியளா. ரேஷ்மி ரெண்டு பிள்ளையளோட வாடகை வீட்டுல கிடக்கா. அவளுக்கு வீடு வைக்க நமக்கு அது ஒண்ணுதான் உண்டு."

"நான் எதுக்கு அங்க போறேன்?" என்றார், கையில் மண்வெட்டியோடு.

"புதன் வாறேன். வந்து ஒரு காரியம் சொல்லணும்."

மகளின் வீடு அவருக்கும் ஆசைதான். ஆனால் கேஸ் வந்தால் வீடும் இல்லை, கமிட்டியும் இல்லை. முதலில் செவ்வாயைத் தாண்ட வேண்டும்.

பிக்கப் ஓட்டும் பிஜுவைக் கூப்பிட்டார். "எலே மக்கா, நெல்லு நாத்து எங்க கிட்டும்?"

"இஞ்ச எவன் மாமா நெல்லு வைக்கான்? பார்டர் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போணும்."

"ஆறு வருஷம் நான் வயலக் காப்பாத்துன லெச்சணம் பாத்தியா" என்றார் கிருஷ்ணன்குட்டி.

நாற்று வந்தது. தண்ணீர் நிற்கவில்லை. செம்மண் குடித்துக்கொண்டே இருந்தது. நீலத் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் சேற்றைப் பரப்பினார். இப்போது தண்ணீர் நின்றது. நின்று, நிரம்பி, பக்கத்து வீட்டு ராஜபாயின் முற்றத்துக்குப் போனது.

"எனக்க கோழிக்கூடு மிதக்குது. பராதி எழுதியாச்சு, யாருட்ட குடுக்கணும்?" என்று கேட்டாள் ராஜபாய்.

"எனக்கிட்டதான்" என்று அந்தத் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் நாலு தென்னை. "தென்னைக்க மூட்டுல நெல்லுன்னா அந்தக் கோழிகூட நம்பாது மாமா" என்றான் பிஜு. திங்கள் மதியம் வெட்டினார்கள். அப்பா நட்டவை. நாலாவது மரம் விழுந்தபோது கிருஷ்ணன்குட்டிக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மிஞ்சிய அடிமரம் தெரியாமல் சேற்றைப் போட்டு மூடினார்கள்.

செவ்வாய் காலை வயல் பச்சையாக நின்றது. ஒரு கொக்குகூட வந்து இறங்கியது. கொக்கே நம்பிவிட்டது, இனி என்ன என்று அவருக்குத் தெம்பு வந்தது.

கிருஷி பவனிலிருந்து ஜிஷா ஸ்கூட்டரில் ஃபைலோடு வந்தாள். நிலத்தைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், மறுபடி நிலத்தைப் பார்த்தாள்.

"இது எப்பம் முதல் நெல்லு, சாரே?"

"அப்பா காலம் முதலே நெல்லாக்கும். ஒரு பூவு விளைச்சல்கூட விட்டதில்ல."

"தென்னை ஏதும்?"

"தென்னையா? இஞ்ச தென்னை நின்னதே இல்ல. கமிட்டி மெம்பராக்கும் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

ஜிஷா எழுதினாள். தாளை நீட்டினாள். கிருஷ்ணன்குட்டி வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"அப்பம் கேஸு ஒண்ணும் இல்லியே?"

"கேஸா? ஒரு கேஸும் இல்ல, சாரே" என்றபடி அவள் ஃபைலிலிருந்து நாலு தென்னைகளின் போட்டோ ஒட்டிய ஒரு பழைய தாளை எடுத்தாள். "முப்பது வருஷமா இஞ்ச தென்னைதான், நெல்லே இல்ல, மகளுக்கு வீடு வைக்க இந்த இடத்த வயல் பட்டியல்ல இருந்து எடுத்துத் தரணும்னு ஓணத்துக்கு முந்தி நீங்க கையெழுத்துப் போட்டுத் தந்த இந்த அப்ளிக்கேஷன மட்டும் தள்ளிரட்டா?"